வால் பக்கத்துக் கதவு

கோழிக்கூண்டின் கதவை ரசியா பேகம் பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தாள். உள்ளே அடைகாத்திருந்த பெட்டைக்கோழி அவளை ஒற்றைக் கண்ணால் முறைத்தது.

"கோர்ட்டு வாசல்ல மனு டைப் அடிச்சு மரியாதையா இருந்தவ சார் நான். துப்பறியிற வேலைன்னு கூட்டிட்டு வந்தீங்க. இப்ப கோழி எச்சத்தைச் சுரண்டுறேன்."

"அதுக்குக் கீழே என்ன கலர்னு சொல்லு" என்றார் பஞ்சநதம்.

"மேல வெள்ளை. அது கோழி கொடுத்த பெயிண்ட். அதுக்குக் கீழ கரும்பச்சை." கதவின் மறுபக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள். "உள்பக்கம் வேற பச்சை. இளசா, வெண்டைக்காய்ப் பிஞ்சு மாதிரி."

பஞ்சநதம் நோட்டில் குறித்துக்கொண்டார். பத்து வருஷம் சர்வே இலாகாவில் சங்கிலி பிடித்து நிலம் அளந்தவர். வேலையை விட்டுவிட்டு மாயவரத்தில் துப்பறியும் போர்டு மாட்டி இரண்டு வருஷம் ஆகிறது. இதுவரை ஓடிப்போன மருமகன்களையும் காணாமல்போன கறவை மாடுகளையும் தேடியிருக்கிறார். ஒரு விமானத்தின் நிறத்தைத் தேடுவது இதுதான் முதல் தடவை.

கேஸ் கொடுத்தவர் சாம்பசிவம். சீர்காழியில் டிராயிங் மாஸ்டர். சொந்த ஊர் இந்தக் கொண்டல்மங்கலம். இங்கே பெரிய வீட்டின் இளைய பிள்ளை. நாற்பத்தைந்தாம் வருஷம் தை மாசம், யுத்த காலத்தில், கடல் பக்கமிருந்து புகைந்துகொண்டே வந்த ஒரு லிபரேட்டர் குண்டு விமானம் அவர்கள் வயலில் விழுந்தது. அதைத்தான் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவில் குமிழ் மரத்தில் செய்துகொண்டிருந்தார். லண்டனுக்கு எழுதி வரைபடம் வரவழைத்திருந்தார். ஆனால் லண்டன்காரர்களுக்குப் பொதுவாக அந்த ரக விமானத்தைத் தெரியும். கொண்டல்மங்கலத்தில் விழுந்ததைத் தெரியாது. 'ஒரு ஆணிகூடப் பொய்யாக இருக்கக் கூடாது. எது சரி, எது தப்பு என்று நீங்கள் விசாரித்துச் சொல்ல வேண்டும்' என்று கடிதம் எழுதியிருந்தார்.

விமானம் விழுந்த இடத்தில் இப்போது விமானம் இல்லை. ராணுவம் லாரியில் அள்ளிப்போனது போக, மிச்சத்தை ஊர் எடுத்துக்கொண்டது. மூன்று நாளாக இருவரும் அதைத்தான் வீடு வீடாகத் தேடினார்கள். இறக்கையின் ஒரு துண்டு வாய்க்கால் பலகையாகத் தண்ணீரைத் தடுத்துக்கொண்டிருந்தது. இன்னொரு துண்டு மாட்டுத் தொட்டி. கோயில் மடப்பள்ளியில் இருந்த கரண்டியைத் திருப்பிப் பார்த்தால் அதில் பாதி இங்கிலீஷ் எழுத்து. ஜப்பான்காரன் மேல் குண்டு போட வந்தது நமக்குப் புளியோதரை போடுகிறது என்றாள் ரசியா.

கடைசியாக அகப்பட்டது இந்தக் கதவு. பொன்னுத்தாயின் கோழிக்கூண்டில்.

பொன்னுத்தாய் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றாள். முப்பத்தேழு வயசு. நடவு நட்டுக் காய்த்த கால்கள்.

"பெரிய வீட்டு ஆளுங்க கோழிக்கூண்டு வரைக்கும் வந்துட்டீங்க. அஞ்சு மா பத்தலையா?"

விமானத்தை மாஸ்டர் மரத்தில் செய்கிறார், அதற்கு நிறம் பார்க்க வந்தோம் என்று பஞ்சநதம் விளக்கினார். அவள் முழுதாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை எங்க நிலம் போகப்போகுது. அவருக்குப் பொம்மைக்குப் பெயிண்ட்டு கேக்குது."

அந்த ஐந்து மா நிலத்தை அவள் அப்பா கண்ணுசாமி வாய்வார்த்தைக் குத்தகையில் உழுதார். அவர் செத்தபிறகு அவள் உழுகிறாள். இப்போது குத்தகைப் பதிவுச் சட்டம் வந்திருக்கிறது. பெயரைப் பதிந்துவிட்டால் யாரும் இறக்கிவிட முடியாது. விவசாயச் சங்கத்துக்காரர்கள் மனு போட்டுக் கொடுத்திருந்தார்கள். பெரிய வீட்டு மூத்தவர் வாஞ்சிநாதன் எதிர்மனு போட்டிருந்தார். இவள் வெறும் கூலி ஆள். இவள் அப்பன் திருட்டுக் கேஸில் இரண்டு வருஷம் உள்ளே இருந்தவன். திருடனை நம்பி எங்கப்பா நிலத்தைக் கொடுப்பாரா? அந்தப் பழைய கேஸ் கட்டின் நகலையும் சேர்த்திருந்தார். வெள்ளிக்கிழமை தாசில்தார் முன்னால் விசாரணை.

"என்ன திருடினாராம்?" என்று ரசியா கேட்டாள்.

"செத்த துரையோட கைக்கடியாரத்தை."

அவள் கோழியை வெளியே விரட்டிவிட்டுக் கூண்டு முன்னால் உட்கார்ந்தாள். அப்பா சொன்னதை அப்பா சொன்ன மாதிரியே சொன்னாள். விமானம் விழுந்தபோது பக்கத்தில் இருந்தவர் அவர் ஒருவர்தான். முன்பாதி எரிந்தது. வால் மட்டும் தனியாக முறிந்து ஒருக்களித்துக் கிடந்தது. உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம். மண்வெட்டியை விட்டு நெம்பி இந்தக் கதவைப் பெயர்த்தார். உள்ளே ஒரு துரை உயிரோடு இருந்தான். இடுப்புக்குக் கீழே தகடு நசுக்கியிருந்தது. கலயத்தில் இருந்த நீராகாரத்தைக் கொடுத்தார், குடித்தான். குடித்துவிட்டுக் கடியாரத்தைக் கழற்றி இவர் கையில் வைத்து மூடினான். கடப்பாரை எடுத்துவர இவர் தெருவுக்கு ஓடினார்.

"திரும்பி வந்தா வயல் பூரா தண்ணி. யாரோ மடையை வெட்டிட்டாங்க. துரை தலைக்கு மேல தண்ணி. முழங்கால் தண்ணியில ஒரு மனுசன் முங்கிச் செத்திருக்கான்."

ரசியா பிளேடைக் கீழே வைத்தாள்.

விழுந்தவுடனே விமானத்தில் இருந்த எல்லோரும் செத்துவிட்டார்கள் என்று டாக்டர் எழுதினார். அப்படியென்றால் கடியாரம் பிணத்திலிருந்து எடுத்தது என்றது போலீஸ். கண்ணுசாமியின் மண்வெட்டி மடையில் கிடந்தது. அப்படியென்றால் தடயத்தை மறைக்க மடையை வெட்டியதும் அவர்தான். கதவோ சேற்றுக்குள் போய்விட்டது. அடுத்த நடவில் பொன்னுத்தாயின் அம்மா காலில்தான் அது இடறியது.

"அப்போ ஏன் இதைக் காட்டலை?"

"யாருகிட்டம்மா காட்டுறது? இதையும் திருடினான்னு எழுதவா?"

பஞ்சநதம் கதவைத் திருப்பினார். கரும்பச்சைப் பக்கத்தில், விளிம்பை ஒட்டி, இரண்டு ஆழமான பள்ளங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மண்வெட்டியின் வாய் பட்ட இடம். ஒன்றை ஒன்று பார்த்துக் கொஞ்சம் சாய்ந்திருந்தன.

"பெரிய வீட்டிலிருந்து யாராவது இந்தக் கதவைப் பார்த்திருக்காங்களா?"

"அவங்க எங்க தெருவுக்குள்ள காலை வெச்சே நான் பார்த்ததில்லை."

*

பஞ்சநதத்தின் லாம்ப்ரட்டா ஸ்கூட்டர் பெரிய வாய்க்கால் கரையில் நின்றது. ஊர் முகப்புச் சுவரில் பாதியை உதயசூரியனும் மீதியை அரிவாள் சுத்தியலும் பிடித்துக்கொண்டிருந்தன. மதகுக்குக் கீழே அந்த மடை இருந்தது. இப்போதும் அது மண் மடைதான். நாலு வெட்டு வெட்டினால் தண்ணீர் வயலுக்குப் பாயும். நாலு தட்டு தட்டினால் நிற்கும்.

மாயவரம் ஸ்டுடியோ பரணிலிருந்து ரசியா தேடியெடுத்த போட்டோவைப் பஞ்சநதம் கையில் வைத்திருந்தார். விழுந்த மறுநாள் எடுத்தது. வால் துண்டு சாய்ந்து கிடக்கிறது. பாதிவரை தண்ணீர். கதவு இருந்த இடமே தெரியவில்லை.

"மடையை வெட்டினது வாஞ்சிநாதன்" என்றாள் ரசியா. "கண்ணுசாமியை மாட்டிவிட. சுலபமான கேஸ். காபி சாப்பிடலாம்."

"அவர் வீட்டுக் கூடத்துல திருக்கடையூர் போட்டோ மாட்டியிருக்கே, பார்த்தியா?"

பார்த்திருந்தாள். வாஞ்சிநாதனுடைய மாமாவின் அறுபதாம் கல்யாணம். தேதி போட்டிருந்தது, விமானம் விழுந்த அதே நாள். மாலையும் கழுத்துமாய் மாமா, பக்கத்தில் வாஞ்சிநாதன். ஊரில் அறுப்பைப் பார்க்க அப்பா மட்டும் தங்கிவிட்டார், நானும் அண்ணனும் அம்மாவோடு திருக்கடையூரில் இருந்தோம் என்று சாம்பசிவம் முதல் நாளே சொல்லியிருந்தார். விமானம் விழுந்ததையே பார்க்கவில்லை. அதனால்தானே உங்களைக் கூப்பிட்டேன் என்றார்.

"அப்ப அந்தப் பெரியவர். போன ஐப்பசியில செத்துப்போனாரே, அவங்கப்பா."

"அவர்னு வெச்சுக்குவோம். கண்ணுசாமியை ஜெயிலுக்கு அனுப்பினவர், திரும்பி வந்ததும் அதே ஆளுக்கு ஏன் அஞ்சு மாவைத் தூக்கிக் கொடுத்தார்? சீட்டும் இல்லாம, சாட்சியும் இல்லாம. ரசியா, நானும் இந்த ஜில்லாவுல பத்து வருஷம் எல்லை முளைக்குச்சி அடிச்சவன். யாருக்குச் சாதகமா அடிச்சேன்னு எனக்குத் தெரியும். மிராசுதார் சும்மா நிலம் கொடுத்ததா நான் ஒரு வயலைக்கூட அளந்ததில்லை."

"நீங்க அடிச்ச முளையைப் பத்தி இன்னொரு நாள் பேசலாம் சார். அழுதுடுவீங்க."

அவர் ஸ்கூட்டரை உதைத்தார்.

*

சாம்பசிவம் பெரிய வீட்டின் பின்கட்டில் தனியாகக் குடியிருந்தார். நாற்பது வயது, கல்யாணம் ஆகாதவர். பசை ஒட்டிய விரல்கள். நிறம் கிடைத்தது என்றதும் ரொம்ப நன்றி சொன்னார். எங்கே கிடைத்தது என்று கேட்கவில்லை. காபி போட்டுக்கொண்டு வருகிறேன், நீங்க நிதானமாகப் பாருங்க என்று அடுக்களைக்குப் போனார்.

மேஜை நிறைய வயல் விரிந்திருந்தது. முதல் தடவை வந்தபோது வால் பகுதியை மட்டும் பெயிண்ட் காயவில்லை என்று துணி போட்டு மூடியிருந்தார். இன்று துணி இல்லை. இரண்டே கால் அடி இறக்கை, பால்பவுடர் டப்பாவில் வெட்டிய தகடு, தீக்குச்சி கனத்தில் துப்பாக்கிக் குழல்கள். சுற்றிலும் தேங்காய் நாரைச் சாயம் போட்டு நட்ட முற்றிய சம்பா. அறுப்புக்கு முன்னால் தண்ணீர் வடித்து, காயப்போட்ட தரை. லேசான வெடிப்புகள்கூட இருந்தன.

"இவர் வயல்ல தண்ணியே இல்லை" என்றாள் ரசியா. "ஊர்ல யாரைக் கேட்டாலும் ஏரி மாதிரி கிடந்துச்சுன்னுதான் சொல்றாங்க. போட்டோவும் அப்படித்தான். இவருக்கு மட்டும் மேட்டூர் அணையை மூடிட்டாங்க போல."

பஞ்சநதம் பூதக்கண்ணாடியை எடுத்து வால் மேல் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

வால் துண்டு ஒருக்களித்துக் கிடந்தது. அதன் வயிற்றில் சதுரமாக ஒரு திறப்பு. பக்கத்தில், காய்ந்த தரையில், கட்டைவிரல் நக அளவுக்கு ஒரு கதவு. கரும்பச்சைப் பக்கம் மேலே. விளிம்பை ஒட்டி ஊசி முனையால் குத்திய இரண்டு பள்ளங்கள். ஒன்றை ஒன்று பார்த்துக் கொஞ்சம் சாய்ந்திருந்தன.

அவர் கண்ணாடியை ரசியாவிடம் நீட்டினார். அவள் பார்த்தாள். பிறகு மெல்லக் கூடத்துக்குப் போய்த் திருக்கடையூர் போட்டோவை விரல் வைத்து எண்ணிவிட்டு வந்தாள்.

"பதினாலு தலை. மாஸ்டர் இல்லை" என்றாள் தணிந்த குரலில். அப்புறம், "ஒரு காபிக்கு இருபது நிமிஷம் ஆகுதா சார்? இவர் வேணும்னேதான் வராம இருக்கார்."

சாம்பசிவம் வந்தார். மூன்று டம்ளரிலும் காபி ஆறியிருந்தது.

பஞ்சநதம் டம்ளரைத் தொடவில்லை. "கதவு பெயர்ந்ததுக்கு அப்புறம், தண்ணி வர்றதுக்கு முன்னாடி, நடுவுல எவ்வளவு நேரம் இருக்கும் மாஸ்டர்? பத்து நிமிஷமா? அந்தப் பத்து நிமிஷத்துக்குள்ள பார்த்தவங்களுக்குத்தான் இந்த ரெண்டு பள்ளமும் தெரியும். அதுக்கப்புறம் அது சேத்துல. அப்புறம் கோழிக்கூண்டுல."

"கூண்டுலயா இருக்கு?" என்றார் சாம்பசிவம். இவ்வளவு நாள் அதை எங்கே என்று நினைத்திருந்தாரோ.

"உங்கப்பா மடையை வெட்டினப்ப நீங்க பக்கத்துல நின்னீங்களா?"

"அப்பா களத்துல இருந்தார்." டம்ளரை மேஜையில் வைக்க முயன்றார். வயலில் இடமில்லை. கையிலேயே வைத்துக்கொண்டார். "நான்தான் வெட்டினேன்."

அன்று காய்ச்சல் என்று அவரைத் திருக்கடையூருக்குக் கூட்டிப்போகவில்லை. பதின்மூன்று வயசு. விமானம் விழுந்ததும் காய்ச்சலோடு ஓடினார். கண்ணுசாமி கதவைப் பெயர்ப்பதை வரப்பிலிருந்து பார்த்தார். கலயம் உள்ளே போவதைப் பார்த்தார். ஒரு வெள்ளைக் கை வெளியே வந்து கடியாரத்தைக் கொடுப்பதைப் பார்த்தார். கண்ணுசாமி தெருப் பக்கம் ஓடினார். அப்போது காற்று திரும்பியது. முன்பாதியில் எரிந்த தீ பயிரில் பிடித்தது.

"அறுக்க நாலு நாள் இருந்த சம்பா. எங்க ஆளுங்களுக்கு நெல்லுல தீயைப் பார்த்தா கை எங்க போகும்னு உங்களுக்குத் தெரியும். யோசிக்கவே இல்லைங்க. கண்ணுசாமியோட மண்வெட்டி கீழ கிடந்துச்சு. எடுத்துக்கிட்டு ஓடிப்போய் மடையை வெட்டிட்டேன். தீ அணைஞ்சுது. நல்ல காரியம் பண்ணிட்டேன்னு சந்தோஷமாத்தான் திரும்பினேன்."

டம்ளரை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"கை வெளியே நீட்டிக்கிட்டே இருந்துச்சு. நான் மடையை மூடப் பார்த்தேன். தண்ணி அரிச்சு வாய் அகலமாயிடுச்சு. என்னால முடியலை. அப்புறம் கை இல்லை."

ராத்திரியோடு ராத்திரியாக அப்பாவே வண்டி கட்டி அவரைத் திருக்கடையூரில் கொண்டுபோய் விட்டார். முதல் நாளே போய்விட்டாய், நீ எதையும் பார்க்கவில்லை என்று வழியெல்லாம் சொல்லிக்கொடுத்தார். வெள்ளைக்கார ராஜ்யம், வெள்ளைக்காரன் சாவு. யாராவது ஒருத்தன் போய்த்தான் ஆக வேண்டும் என்றார். கண்ணுசாமி போனார். அவர் திரும்பி வந்த அன்று அப்பா இளைய மகனையும் கூட்டிக்கொண்டுபோய்க் களத்தில் நிற்கவைத்து, அந்த ஐந்து மாவை நீ உழுதுக்கோ என்றார். எதற்கு என்று சொல்லவில்லை. கண்ணுசாமி கேட்கவும் இல்லை. பையனை மட்டும் ஒருதடவை பார்த்தாராம்.

"இந்தக் களிமண் தரை மேல தண்ணி பெயிண்ட் பண்ண ஆறு தடவை பார்த்தேன்" என்றார் சாம்பசிவம். "தூரிகை போகலை. எது தப்புன்னு வேற யாராவது கண்டுபிடிச்சுச் சொல்லட்டும்னுதான் உங்களுக்கு எழுதினேன். நானாச் சொல்ல வாய் வரலை."

"சொல்ல வாய் வரலை, ஊசியால குத்த கை வந்துச்சா?" என்றாள் ரசியா. அது ஜோக் மாதிரி வரவில்லை. "இருபத்தேழு வருஷமா அந்த மனுஷன் திருடன். திருடனாவே செத்தும் போயிட்டார். அது எந்த ஸ்கேல்ல வரும் மாஸ்டர்?"

அண்ணன் எதிர்மனுவில் என்ன எழுதினார் என்று தெரியுமா என்று பஞ்சநதம் கேட்டார். தெரியும் என்றார் சாம்பசிவம். பாகப்பிரிவினையில் அந்த ஐந்து மா என் பேரில் வந்திருக்கிறது. எதிர்மனுவில் கையெழுத்துப் போட்டது நான்தான். அண்ணன் நீட்டினார், போட்டேன் என்றார்.

ரசியா பையை எடுத்துக்கொண்டு முதலில் வெளியேறினாள். பஞ்சநதம் வாசலில் நின்றார்.

"கேஸ் முடிஞ்சுது மாஸ்டர். கலர் எல்லாம் சரி. எது தப்புன்னு கேட்டீங்களே, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு தாலுகா ஆபீஸ்ல சொல்றேன். நீங்க வந்தா."

*

வெள்ளிக்கிழமை பத்தேகால். வாஞ்சிநாதன் வக்கீலோடு வேப்பமரத்தடியில் நின்றார். பொன்னுத்தாய் கோழிக்கூண்டுக் கதவைச் சாக்கில் சுற்றி இடுப்பில் வைத்திருந்தாள். அதைக் கொண்டுவரச் சொன்னவள் ரசியா. மாஸ்டர் சொன்னதையெல்லாம் அவளிடம் சொல்லியும் இருந்தாள்.

"வரமாட்டார் சார்" என்றாள் ரசியா. "பந்தயம் வெச்சுக்கலாம். ஒரு தோசை."

கொண்டல்மங்கலம் வழியாக வரும் சீர்காழி பஸ் நின்றது. எல்லோரும் இறங்கியபிறகு ஒரு ஜாதிக்காய்ப் பலகைப் பெட்டி இறங்கியது. பின்னால் சாம்பசிவம். மூன்று பேர் டிக்கெட் போட்டு உட்காரவைத்துக் கொண்டுவந்தேன் என்று கண்டக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். வாஞ்சிநாதன் தம்பியை நோக்கி இரண்டு எட்டு வைத்தார். தம்பி அவரைத் தாண்டி நேராகப் பொன்னுத்தாய் முன்னால் வந்து பெட்டியைத் தரையில் வைத்து மூடியைத் திறந்தார்.

அவள் குனிந்து பார்த்தாள். எரிந்த முன்பாதி. சாய்ந்த வால். நக அளவுக் கதவு. கையிலிருந்த கதவைப் பார்த்தாள். மறுபடி பெட்டியைப் பார்த்தாள்.

"எங்கப்பா எங்க?"

சாம்பசிவம் சட்டைப் பையில் கைவிட்டார். ஒன்றரை அங்குல மர உருவம். கோவணமும் முண்டாசும், ஓடுகிற கால். எப்போதோ செதுக்கியது; பையிலேயே கிடந்து முண்டாசு தேய்ந்திருந்தது. குனிந்து, வாலுக்கும் தெருவுக்கும் நடுவில் இருந்த வரப்பில் அதை நிறுத்தினார். இரண்டு தடவை சாய்ந்தது. மூன்றாம் தடவை நின்றது.

பொன்னுத்தாய் அதன் வெறும் கைகளைப் பார்த்தாள்.

"மண்வெட்டி இல்லாம எங்கப்பா வயல்ல நின்னு நான் பார்த்ததில்லை. மண்வெட்டி எங்க?"

வாசலில் டவாலி வெளியே வந்து முதல் கேஸுக்கான பெயர்களைக் கூப்பிட்டான். மனுதாரர் பொன்னுத்தாய். எதிர்மனுதாரர் சாம்பசிவம்.

பெரிய வீட்டில் பிறந்தவர்கள் பொன்னுத்தாயின் தெருக்காரர்களை நீ என்று சொல்லியே பழகியவர்கள். அதனால்தான் ரசியா நிமிர்ந்து பார்த்தாள். வேப்பமரத்தடி முழுக்கக் கேட்கிற மாதிரி, அண்ணன் காதில் விழுகிற மாதிரி, சாம்பசிவம் சொன்னார்:

"மண்வெட்டி என் கையில இருந்துச்சுங்க. உள்ள வாங்க, சொல்றேன்."

பொன்னுத்தாய் அவருக்கு முன்னால் நடந்தாள். கதவை அவள் யாரிடமும் கொடுக்கவில்லை.